திருச்சி வானொலிக் கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தில் திருச்சி வானொலியைப் பற்றிச் சின்னதாக ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று பேச்செடுத்தபோது, "இந்தக் காலத்துல ரேடியோவ யாருப்பா பாக்க வரப்போறா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அப்படிக் கேட்டவர்களில் பலர், பிறகு தாங்களே பரணில் ஏறி எதையாவது தூசி தட்டி எடுத்து வந்து கொடுத்தார்கள். முதல் நன்றி அவர்களுக்கு.

வானொலி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அய்யா ஒருவர், தன் பெயரை எங்கும் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்து உதவினார். சுவரில் ஒட்டும் அட்டைகளை எழுதியதே அவர்தான். முதல் அட்டையில் இரண்டு செய்திகள் இருந்தே ஆக வேண்டும் என்றார். ஒன்று, நிலையம் தொடங்கிய நாள்: 1939 மே 16. சென்னை நிலையம் தொடங்கி அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இன்னொன்று, 1947இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் இருந்த வானொலி நிலையங்கள் மொத்தம் 6. டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, அப்புறம் நம்ம திருச்சி. பள்ளிப் பிள்ளைகள் இதை நம்பவில்லை. "நிஜமாவா சார்?" என்று அவரிடமே போய்க் கேட்டார்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஒரு நாள் ஒலிபரப்பு எப்படிப் போகும் என்பதையும் அவரே எழுதிக் கொடுத்தார். காலையில் மங்கல இசை, டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி, மத்தியானம் மாதர் நிகழ்ச்சி, சாயங்காலம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி, ராத்திரி கச்சேரியோ நாடகமோ. இதற்கு நடுவில் சினிமாப் பாட்டுக்காகக் காத்துக் கிடந்தவர்கள்தான் எங்களில் பெரும்பாலோர். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்திலிருந்து நேர்முக வர்ணனை வந்தாலும், திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனை ஒலிபரப்பானாலும் தெருவே ஒரே ரேடியோவைக் கேட்டது. கூட்டத்தில் நசுங்காமல் பரமபத வாசல் திறப்பைக் 'கண்ட' பாட்டிகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். விடியற்காலையில் நடந்ததை அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்து கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு நன்றி.

என்னைக் கேட்டால், திருச்சி வானொலியின் பெரிய வேலை பாட்டும் நாடகமும் அல்ல, நெல்தான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகத்தைக் கொண்டுவந்தது. குறுவைக்கு ஏற்றது, 105 நாள் பயிர். நாற்றங்கால் எப்படிப் போடுவது, உரம் எப்போது வைப்பது என்று திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொன்னதால் தஞ்சை மாவட்டத்தில் அந்த ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. 1966இல் வானொலி நிலையங்களில் பண்ணை ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது முதலில் வந்த நிலையங்களில் திருச்சியும் ஒன்று. பின்னாளில் பண்ணைப்பள்ளி என்று பாடமே நடத்தினார்கள். கடிதம் எழுதிப் பதிவு செய்துகொண்டு சம்சாரிகள் படித்தார்கள்.

அந்தக் காலத்து ஒலிநாடா எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்த நிகழ்ச்சிகளைக் கேட்டு நடவு செய்தவர்கள் சொன்னதைத்தான் எழுதி வைத்தோம். மேலத்தெருப் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து, பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே கூட்டம் கூடியதிலிருந்து, குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டு நெல்லைக் காயவைக்கத் திண்டாடியது வரை சொன்னார். மேட்டூர் அணை நீர்மட்டம் வாசிக்கும்போது யாராவது இருமினால்கூட அடி விழும் என்றார். ஜூன் 12க்கு அணை திறக்குமா திறக்காதா என்ற கவலை இருக்கிற ஊரில் அது ஒன்றும் மிகையில்லை. பெரியப்பாவுக்கு ஒரு கும்பிடு.

கடைத்தெரு மெக்கானிக் அண்ணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். யாரோ கொடுத்த வால்வு ரேடியோ ஒன்று வெறும் மரப்பெட்டியாகத்தான் வந்தது. உள்ளே எலி குடும்பம் நடத்திய அடையாளம்! அண்ணன் பின்பலகையைக் கழற்றி, பிரஷ்ஷால் சுத்தம் செய்து, உப்பிப்போன கண்டென்சர்களை மாற்றினார். அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அந்தக் கால வலை ஏரியலைக் கட்டினார். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது, வால்வு சூடேற வேண்டும் என்று பிள்ளைகளைப் பொறுமையாக நிற்க வைத்தார். வந்தது என்னவோ இரைச்சல்தான். நூலகத்து எல்.இ.டி. பல்புகளை அணைக்கச் சொன்னார். இரைச்சல் அடங்கியது. முள்ளை மெதுவாக நகர்த்தி 936 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தினார், திருச்சி கேட்டது. கூலி எவ்வளவு என்றதற்கு, "அட போங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கொடுத்த அம்மாவுக்கும் நன்றி. ரேடியோ வைத்திருக்க வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி, அந்தப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை வாங்க வேண்டியிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் வாயால் சொன்னால் கதை விடுகிறோம் என்கிறார்கள். அவர் மாமனார் ஒரு வருஷம்கூட விடாமல் 15 ரூபாய் கட்டியிருக்கிறார், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. அதே பையில், நேயர் விருப்பத்துக்கு எழுதி, தபாலில் சேர்க்காமலே விட்ட 15 பைசா கார்டு ஒன்றும் இருந்தது. யாருக்காக எந்தப் பாட்டைக் கேட்டிருந்தார் என்பதைப் பார்த்துவிட்டு, "அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டாம்" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே திருப்பி வாங்கிக்கொண்டார்.

இடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறந்து வைத்த நூலகருக்கும், மேசை நாற்காலி தூக்கிய இளைஞர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காபி போட்டுக் கொடுத்த அக்காமார்களுக்கும் நன்றி.

பொருள் கொடுத்தவர்கள் சீட்டைக் காட்டி நூலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். பச்சை உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்றின் சீட்டு மட்டும் காணவில்லை. உரியவர் அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மெக்கானிக் அண்ணன் அதையும் பிரித்து மேய்ந்திருப்பார்.