கணினி விளையாட்டுக்கு முகப்புப் படம் வரையும் மலையக இளைஞர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்து இளைஞர்கள் சிலர் பெரிய நிறுவனம் எதனையும் சாராமல், தாமே கணினி விளையாட்டுகளை உருவாக்கி இணையக் கடைகளில் விற்பனைக்கு வைக்க முயன்றுவரும் இந்நாளில், அக்கடைகளில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அடையாளமாகத் தெரியும் முகப்புப் படங்களைப் பற்றி யாரேனும் அக்கறையோடு எழுதவேண்டும் என்று சில மாதங்களாகவே எண்ணிவந்தேன். ஹட்டனில் நெடுங்காலமாக அச்சகம் நடத்தி, கலியாணப் பத்திரிகை முதல் தேயிலைப் பொதியின் லேபிள் வரை வடிவமைத்துவரும் எனக்கு விளையாட்டுக்கான நிரல் எழுதத் தெரியாது. ஆனால், ஒரு படம் எந்த அளவில், எந்த இடத்தில், யாருடைய கண்ணில் படப்போகிறது என்று கணக்கிட்ட பின்பே வரையத் தொடங்கவேண்டும் என்பதை என் தொழில் எனக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

என் தங்கையின் மகனும் அவனுடைய நண்பர் இருவரும் இரண்டு ஆண்டுகளாக ஒரு விளையாட்டைச் செய்துவருகிறார்கள். விடியுமுன் தோட்டக் குடியிருப்பு வரிசைகளான லயங்கள்தோறும் சென்று, தப்பு என்னும் தோற்பறையை அடித்து, தொழிலாளரைப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆட்கணக்கெடுப்புக்கு, எழுப்பும் ஒருவரே அதன் நாயகர். எங்கும் பனிமூட்டம், தாளம் தவறாமல் அடித்தால் அந்த ஒலி பரவும் தூரத்துக்கு மட்டும் பனி விலகிப் பாதை தெரியும். இத்தனை அருமையான எண்ணத்துக்கு அவர்கள் முதலில் வரைந்திருந்த முகப்புப் படமோ, பச்சை மலைச்சரிவு, கொழுந்து பறிக்கும் பெண், தூரத்தில் ரயில், மூலையில் ஓர் அருவி என்று சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் அஞ்சலட்டையைப் போல இருந்தது. அதைக் காட்டிக் கேட்டபோது அனேகமாக எல்லோரும் அது தோட்டம் வளர்க்கும் விளையாட்டு என்றே சொன்னார்கள். தாளத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

கதை நடக்கும் ஊரை அந்தப் படம் நன்றாகவே காட்டியது. ஆடுகிறவருடைய கைகள் என்ன செய்யப்போகின்றன என்பதைத்தான் அது சொல்லவில்லை. தாள விளையாட்டை விரும்புகிறவர் அதைக் கடந்து போய்விடுவார். தோட்டம் வளர்க்க விரும்புகிறவர் வாங்கி ஏமாறுவார். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் (Steam) தளத்தில் வாங்கிய விளையாட்டை, பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்பதால், தவறான வாக்குறுதி தரும் முகப்பினால் வரும் விற்பனை கையில் நிற்பதும் இல்லை. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையை இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்ட முழுமையான இலங்கைத் தேயிலைக்கு மட்டுமே இடலாம் என்பதைப் பொதி லேபிள் அச்சிடும் நாங்கள் அறிவோம். முகப்புப் படத்தையும் அத்தகைய உறுதிமொழியாகவே நான் கருதுகிறேன்.

அடுத்தது அளவு. பிள்ளைகள் மடிக்கணினித் திரை நிறையப் படத்தை விரித்துவைத்துக்கொண்டு, அருவியின் நுரையைக்கூடத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்டீம் கடையின் பிரதான முகப்புப் படம் 1232க்கு 706 பிக்சல் என்பது உண்மையே. ஆனால் தேடல் பட்டியலிலும் வேறு பல இடங்களிலும் வாங்குகிறவர் காண்பது சிறிய முகப்பைத்தான். அது 462க்கு 174 பிக்சலில் தரப்பட்டு, சில இடங்களில் 120க்கு 45 பிக்சலாகவே சுருங்கிவிடும். சாதாரணக் கணினித் திரையில் அது ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் அகலம், ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றே கூடிய உயரம். தீப்பெட்டி லேபிளிலும் சிறியது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளியான ஒரு கடையில், அந்தச் சிறு கட்டத்துக்குள் பெண்ணும் ரயிலும் அருவியும் எவ்வாறு தெரியும்? நான் அந்தப் படத்தை அதே அளவில் தாளில் அச்சிட்டு, வேறு முப்பது விளையாட்டுகளின் முகப்புகளுக்கு நடுவே ஒட்டி, பிள்ளைகளை இரண்டடி தள்ளி நிற்கவைத்துக் காட்டினேன். தங்கள் படத்தைத் தாங்களே தேடவேண்டியிருந்தது. பின்பு கறுப்பு வெள்ளையில் அச்சிட்டபோது பச்சை மலை, பச்சைச் செடி, சாம்பல் பனி எல்லாம் ஒரே சாம்பலாகிப்போயின. ஸ்டீம் தளத்தின் பின்னணி கருநீலமானதால், ஓரங்களை இருட்டாக விட்டிருந்த பகுதிகள் அதில் கரைந்து, படத்துக்கு எல்லையே இல்லாதது போலாயிற்று.

இரண்டாவது படத்தில் மலையே இல்லை. தப்புப் பறை படச்சட்டத்தை நிறைத்திருக்கிறது, அடிக்கும் கைகள் இரண்டு, தோலிலிருந்து வட்டவட்டமாக விலகும் பனி, அவ்வளவுதான். தப்பை அடிக்குமுன் நெருப்பில் காட்டிச் சூடேற்றும் வழக்கத்தை நினைத்து, கீழிருந்து எழும் செம்மஞ்சள் ஒளியைப் பிள்ளைகளே சேர்த்தார்கள். அந்த ஒளியினால் மூன்று சென்ரிமீற்றரிலும் தப்பின் வட்டம் பளிச்சென்று நிற்கிறது. விளையாட்டுகளை விற்கும் இன்னொரு தளமான இட்ச் (itch.io) தளத்துக்கு 630க்கு 500, வாங்கிய விளையாட்டுகள் அடுக்கப்படும் ஸ்டீம் நூலகத்துக்கு 600க்கு 900 பிக்சல் என்று ஒவ்வோர் இடத்துக்கும் சட்டத்தின் வடிவம் மாறுவதால், ஒரே படத்தை வெட்டிவெட்டிப் பொருத்தாமல், தப்பு, கைகள், பனி, பெயர் ஆகியவற்றைத் தனித்தனிப் படலங்களாக வரைந்து, சட்டத்துக்கேற்ப மீண்டும் அடுக்கினோம்.

என்னை அதிகம் உழைக்கவைத்தது தமிழ் எழுத்துத்தான். கொம்பு, கால், சுழி, புள்ளி என்று மேலும் கீழும் பக்கமும் பரவும் நம் எழுத்தை 45 பிக்சல் உயரத்துக்குள் அடைக்கும்போது முதலில் மறைவது புள்ளி. தப்பு ‘தபபு’ ஆகிவிடும். கொழுந்து ‘கொழுநது’ ஆகிவிடும். எழுத்தைச் சுற்றி ஒளிவட்டமோ நிழலோ இட்டால் புள்ளி அதற்குள் கரைந்துபோகும். புத்தகத்துக்கென வார்த்த எழுத்துருவை அப்படியே பயன்படுத்தாமல், பெயரைக் கையால் எழுதி, புள்ளியை வழக்கத்திலும் பெரிதாக்கி எழுத்தின் தலையிலிருந்து சற்று விலக்கி வைப்பதும், நீண்ட பெயரைச் சொல் பிரியும் இடத்தில் இரண்டு வரியாக்குவதும் எங்களுக்குப் பயன்பட்டன. தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே எழுதப் பிள்ளைகள் விரும்பினாலும், சிறிய முகப்பில் ஒன்றுக்கே இடம் உண்டு. ஸ்டீம் கடையின் பக்கங்களைப் பார்க்கக்கூடிய மொழிகளில் தமிழ் இல்லாததால், அங்கே ஆங்கில எழுத்தையும் இட்ச் தளத்தில் தமிழ் எழுத்தையும் தேர்ந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் அவர்களுடைய முடிவு நியாயமானதே.

கலியாணப் பத்திரிகையில் இடம் காலியாக இருந்தால் ஒரு வரியாவது சேர்க்கச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உள்ளது. முகப்புப் படத்தில் அதற்கு இடமில்லை. ‘முதற்பரிசு பெற்றது’, ‘ஐம்பது வீதக் கழிவு’ போன்ற வாசகங்களை முகப்பில் எழுத 2022 செப்டெம்பர் 1 முதல் ஸ்டீம் அனுமதிப்பதில்லை. விளையாட்டின் ஓவியம், பெயர், உரிய துணைத்தலைப்பு ஆகியவை மட்டுமே இருக்கலாம். செயற்கை நுண்ணறிவினால் ஆக்கிய படம் விளையாட்டில் இருந்தால் அதனை வெளிப்படையாக அறிவிக்கவேண்டும் என்ற விதியும் 2024 முதல் உள்ளது. அவ்வழியில் முயன்றபோது வந்த படங்களில், தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கவேண்டிய கொழுந்துக் கூடை பெண்ணின் இடுப்பில் இருந்தது. நம் தாய்மாரின் உடல் அறிந்த ஒரு பாரத்தைக்கூடச் சரியாகக் காட்டாத படத்தை நம் பிள்ளைகளின் உழைப்புக்கு முகமாக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

விற்பனைக்கு வைப்பதற்கு ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டொலர் கட்டணம். அதையே பெரும் தொகையாகச் சேர்த்துவைக்கும் பிள்ளைகள், முகப்புப் படத்துக்கெனத் தனியே எதனையும் ஒதுக்குவதில்லை. வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரங்கள் முன்னதாகவே அறிவிப்புப் பக்கம் திறந்திருக்கவேண்டும் என்பதும், பலர் பல மாதங்களுக்கு முன்பே திறந்து, வாங்க விரும்புவோர் தம் விருப்பப் பட்டியலில் அவ்விளையாட்டைச் சேர்த்துக்கொள்ளச் செய்கிறார்கள் என்பதும் கடைசி வாரத்தில்தான் அவர்களுக்குத் தெரியவருகிறது. நம் தோட்டப் பாடசாலைகளில் ஓவியத்தில் தேறிய எத்தனையோ பேர் வேலையின்றிக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார்கள். அவர்களை முதல் மாதத்திலேயே குழுவில் சேர்த்து, உரிய கூலியும் படத்தில் பெயரும் கொடுக்கவேண்டும் என்று கணினிப் பயிற்சி நடத்தும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பத்திரிகையின் இளைஞர் பக்கத்திலும் மாதம் ஒருமுறை மலையகத்து இளைஞர்கள் வரைந்த விளையாட்டு முகப்புகளை வெளியிட்டு உதவவேண்டும். பெரிதாக்காமல், மூன்று சென்ரிமீற்றர் அகலத்திலேயே, பலவற்றை அருகருகே அச்சிடுங்கள். எது கண்ணில் நின்றது, அது எவ்வகை விளையாட்டு என்று தோன்றியது என வாசகர்கள் எழுதி அனுப்பட்டும்.

இங்ஙனம்,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
ஹட்டன்.