வீடு விற்கப் போகும் நுவரெலியா வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா டவுனில் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். போன வருடம் அம்மாவின் வீட்டை விற்க முடிவெடுத்தேன். ஒன்பது வருடமாக அதில் ஒரு குடும்பம் இருந்தது. மகளின் படிப்புக்காகத் தேயிலைத் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு டவுனுக்கு வந்தவர்கள். ஐந்தாம் தேதிக்குள் வாடகை கைக்கு வந்துவிடும். கூரை ஒழுகினால் தகரத்தை மாற்றிய பிறகுதான் எனக்குப் போன் வரும்.

அப்படிப்பட்டவர்களிடம் நான் வாய் திறக்கவில்லை. தரகர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாங்க வந்தவர்களோடு நானும் போனேன். முன் அறைத் தரையில் மகள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பழைய வினாத்தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றாமல் அறை அறையாகப் பார்த்தார்கள். பிள்ளை ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தார். என்னிடம் வந்தபோது, "எப்ப அண்ணே நாங்க போகணும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தேத்தண்ணீர் இறங்கவில்லை.

காலி வீட்டுக்குத்தான் விலை என்று தரகர்கள் சொல்வார்கள். ஆனால் நம் நாட்டின் உரோம டச்சுச் சட்டப்படி, விற்பனை குத்தகையை முறிக்காது. தவணை முடியும்வரை வாங்குபவரும் அதற்குக் கட்டுப்பட்டவர். என்ன, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு (பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்) முன்னால் எழுதினால்தான் செல்லும், இது 1840 முதல் உள்ள சட்டம். நாமோ வாய்ப்பேச்சிலேயே சாவியைக் கொடுக்கிறோம். அப்புறம் ஒரு மாத நோட்டீஸ் போதும் என்கிறோம். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உள்ள வீடென்றால் அதுவும் போதாது, நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

சரி, சட்டம் இடம் கொடுத்தாலும் ஒரு மாதத்தில் எங்கே போவார்கள்? ஏப்ரல் சீசனில் இங்கே வீடுகள் நாள் வாடகைக்குப் போகும்போது, மாத வாடகைக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

வாங்குபவரிடம் பேசி, பரீட்சை முடியும்வரை அவர்கள் இருக்க அவகாசம் வாங்கினேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

தயவுசெய்து தரகருக்கு முன் குடியிருப்பவரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். நீங்களே வாங்குகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வீடு பார்க்க ஆள் கூட்டிப்போகும் நேரத்தை அவர்கள் சொல்லட்டும். அட்வான்ஸை அவர்கள் சாமான் ஏற்றும் நாள்வரை வைத்திருக்காதீர்கள். புது வீட்டுக்காரர் முற்பணம் கேட்பது அதற்கு முன்பே.