டிசம்பர் 24 மாலை வரை கிறிஸ்துமஸ் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நவம்பர் முடியும் தறுவாயில் நாளிதழ்களின் ஆன்மிகப் பக்கங்களில், கிறிஸ்துமசுக்கு முன் வரும் கத்தோலிக்கரின் திருவருகைக் காலம் (அட்வென்ட்) பற்றிய கட்டுரைகள் வரத் தொடங்கிவிடும். நல்லதுதான். ஆனால் இரண்டு கருத்துகள் ஆண்டு தவறாமல் அவற்றில் இடம்பெறுகின்றன. ஒன்று, இது கிறிஸ்துமசுக்கு முந்தைய தவக்காலம் என்பது. மற்றொன்று, குழந்தை இயேசுவை வரவேற்க நான்கு வாரம் தயாராகிறோம் என்பது. முதலாவது தவறு, இரண்டாவது பாதிதான் சரி. பத்திரிகைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. கோவில்களிலேயே இந்தக் குழப்பம் உண்டு.

நான்கு வாரம் என்பதே எப்போதும் சரியாக வராது. நவம்பர் 30 புனித அந்திரேயா விழா. அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் திருவருகையின் முதல் ஞாயிறு. ஆகவே நவம்பர் 27-க்கு முன்பும் டிசம்பர் 3-க்குப் பின்பும் அது வராது. 2022இல் கிறிஸ்துமஸ் ஞாயிறன்று வந்ததால் முழுசாக 28 நாள் கிடைத்தன. 2023இல் திங்களன்று வந்தது, 22 நாள்தான். அந்த ஆண்டு டிசம்பர் 24 காலையில் நான்காம் ஞாயிறு, மாலையில் கிறிஸ்து பிறப்பின் திருவிழிப்பு, அதாவது விழாவுக்கு முந்தைய மாலை வழிபாடு. மாலைத் திருப்பலி (பூசை) ஒன்றிலேயே ஞாயிறுக்கும் கிறிஸ்துமசுக்கும் திருப்பலியில் பங்கேற்க வேண்டிய இரண்டு கடமையும் தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். தீராது. கடமை இரண்டு என்றால் திருப்பலியும் இரண்டு. 2028இல் இதே நிலை மறுபடி வரும்.

இனி அந்தப் பாதிச் சரிக்கு வருகிறேன். 1969இல் வெளியான திருவழிபாட்டு ஆண்டு ஒழுங்குமுறை, திருவருகைக் காலத்துக்கு இரு முகம் என்கிறது. இறைமகன் மனிதரிடம் முதன்முறை வந்ததை நினைத்துப் பெருவிழாவுக்குத் தயாராவது ஒன்று. அந்த நினைவாலேயே உலக முடிவில் அவர் மீண்டும் வருவதை எதிர்நோக்குவது மற்றொன்று. வாசகங்களின் அமைப்பில் இந்த இரண்டாம் வருகைதான் முந்திக்கொள்கிறது. முதல் ஞாயிற்றின் நற்செய்தியில் குழந்தையும் இல்லை, தொழுவமும் இல்லை. மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாம் ஆண்டு மத்தேயு 24, இரண்டாம் ஆண்டு மாற்கு 13, மூன்றாம் ஆண்டு லூக்கா 21. மூன்றுமே மானிட மகனின் வருகையையும் விழித்திருத்தலையும் பற்றியவை. அடுத்த இரண்டு ஞாயிறும் திருமுழுக்கு யோவானுக்கு உரியவை. நான்காம் ஞாயிற்றில்தான் யோசேப்பின் கனவோ, கபிரியேலின் வாழ்த்தோ, மரியா எலிசபெத்தைச் சந்தித்ததோ வருகிறது. எந்த ஆண்டுச் சுழற்சி என்று கண்டுபிடிப்பது எளிது: ஆண்டின் எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது மூன்றாம் ஆண்டு. 2025 அப்படி. ஆனால் திருவழிபாட்டு ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை, திருவருகையில் தொடங்குகிறது; எனவே 2025 நவம்பர் 30 அன்றே மத்தேயுவின் ஆண்டு பிறந்துவிட்டது. வாசக நூலை எடுத்து வைப்பவர் முதல் ஞாயிறன்று பழைய ஆண்டின் தொகுதியையே திறந்து வைப்பது இதை மறப்பதால்தான்.

இடையில் ஒரு மடைமாற்றம் இருக்கிறது, அது டிசம்பர் 17. அதிகம் கவனிக்கப்படாததும் அதிகம் பிசகுவதும் இந்த நாளில்தான். 16ஆம் தேதி வரை திருவருகைக் காலத்தின் முதல் தொடக்கவுரை (திருப்பலியில் நற்கருணை மன்றாட்டைத் தொடங்கும் புகழுரை), 17 முதல் 24 காலை வரை இரண்டாவது. மூன்றாம் ஞாயிறே 17ஆம் தேதியில் விழுந்தாலும், 2023இல் விழுந்தது போல, இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும். 17 முதல் வார நாள் வாசகங்களும் கிழமையை விட்டுத் தேதிக்கு மாறிவிடுகின்றன. 2026இல் மூன்றாம் ஞாயிறு டிசம்பர் 13. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மூன்றாம் வாரத்து வாசகங்கள். வியாழன் 17ஆம் தேதி, அன்று தேதிக்குரியவை. 'மூன்றாம் வாரம் வெள்ளி' என்ற பக்கத்தைப் பார்த்துத் தயாரித்து வந்த வாசகர், பீடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு தவிப்பது இதனால்தான். வாசகர் பட்டியல் போடுபவர் 17-க்குப் பிந்தைய நாள்களுக்கு எதிரே கிழமையோடு தேதியையும் எழுதிவைத்தால் போதும்.

அந்த எட்டு நாளின் நற்செய்திகளைச் சேர்த்துப் படித்தால் ஒரே கதைபோல் ஓடும். 17இல் மத்தேயுவின் தலைமுறைப் பட்டியல், 18இல் யோசேப்பு, 19 முதல் 24 காலை வரை லூக்காவின் முதல் அதிகாரம், திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா தொடங்கி அவருடைய பாடல் வரை. தலைமுறைப் பட்டியலை 'வெறும் பெயர்கள்' என்று வேகமாகத் தள்ளிவிடுவது பெரிய இழப்பு. பதினான்கு பதினான்காக மூன்று அடுக்கு. நடுவே தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என நான்கு பெண்கள். மறையுரைக்கு வேறு பொருள் தேட வேண்டியதே இல்லை.

17 முதல் 23 வரை மாலைப் புகழில் (திருச்சபையின் மாலைச் செபத்தில்) மரியாவின் பாடலுக்கு முன் 'ஓ' என்று தொடங்கும் ஏழு முன்மொழிகள் வருகின்றன: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. இலத்தீனில் இவற்றின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து கூட்டினால் 'ஏரோ க்ராஸ்' என்று வரும். 'நாளை இருப்பேன்' என்று பொருள். மாலைப் புகழ் செபிக்கும் வழக்கமில்லாத பங்குகளில் இந்த ஏழையும் நாளுக்கு ஒன்றாகத் திருவருகை வளையத்தின் (நான்கு மெழுகுதிரிகள் நட்ட இலை வளையத்தின்) முன் சொல்லலாமே!

வளையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது கத்தோலிக்கத் திருவழிபாட்டில் பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் ஹாம்பர்க் நகரில் லூத்தரன் போதகர் விக்கர்ன், தாம் நடத்திய இல்லத்துச் சிறுவர்களுக்காக ஒரு மரச் சக்கரத்தில் திரிகளை நட்டதிலிருந்து வளர்ந்தது. நான்கு திரிக்கும் நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று சூட்டும் பெயர்கள் திருப்பலி நூலில் இல்லை. மக்கள் வழக்கில் அவை இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் 'திருச்சபை இப்படித்தான் கற்பிக்கிறது' என்று அச்சிட வேண்டாம். ஊதா மூன்று, ரோஜா நிறம் ஒன்று; ரோஜா நிறத் திரி மூன்றாம் ஞாயிற்றுக்கு. பெரும்பாலும் கோட்டை விடுவது அளவில். மெல்லிய திரி மணிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கரையும். நாளுக்கு இருபது நிமிடம் ஏற்றினால், 28 நாள் வரும் ஆண்டில் முதல் திரி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். ஆறு அங்குலத் திரி வாங்கினால் மூன்றாம் வாரத்திலேயே அடிக்கட்டை இலையைத் தொட்டுவிடும். அதற்குள் இலையும் காய்ந்து சருகாகியிருக்கும். தீ பிடிப்பது அப்போதுதான். பத்து அங்குலத்துக்குக் குறையாத திரி, அடியில் உலோகக் கிண்ணம், வாரம் ஒருமுறை புது இலை, இவை போதும். மின்விசிறிக்கு நேரே வைத்தால் சுடர் சாய்ந்து மெழுகு ஒரு பக்கமாகவே வழியும்.

'தவக்காலம்' (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) என்ற தவறு, இரு காலத்துக்கும் பொதுவான ஊதா நிறத்தால் வந்தது. நிறம் ஒன்று என்பதற்காகக் காலமும் ஒன்றாகிவிடாது. தவக்காலத்தில் அல்லேலூயா நிறுத்தப்படும், திருவருகையில் பாடப்படும். தவக்காலத்தில் பீடத்தில் மலர் வைக்கக் கூடாது. இங்கே அளவோடு வைக்கலாம், பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிடாத அளவுக்கு. இசைக்கருவிகளுக்கும் அதே அளவு. 'உன்னதங்களிலே' பாடல் ஞாயிறுகளில் விடப்படுவது துக்கத்தால் அல்ல. அது பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர் தொடங்கிய பாடல். அந்த இரவுக்காகச் சேர்த்து வைக்கிறோம். டிசம்பர் 8 அன்று வரும், மரியா பாவமாசின்றிக் கருவானதைக் கொண்டாடும் அமல உற்பவப் பெருவிழா போன்ற நாள்களில் அது இடையில் ஒலிக்கும். அந்தப் பெருவிழா ஞாயிறன்று வந்தால், 2024இல் நடந்ததுபோல, மறுநாளுக்குத் தள்ளிப்போகும், ஞாயிறு தன் இடத்தை விடாது. முதல் வாரமே பிறப்புப் பாடல்களைப் பாடத் தொடங்கும் குழுக்கள், 25 வருவதற்குள் களைத்துவிடுகின்றன. கிறிஸ்து பிறப்புக்கு இரவு, விடியல், பகல் என மூன்று திருப்பலிகளும் அவற்றுக்கு முன் திருவிழிப்பும் இருக்கின்றன, நான்குக்கும் வெவ்வேறு நற்செய்தி. பகல் திருப்பலியில் 'வாக்கு மனிதர் ஆனார்' என்று யோவான் முழங்கும் வேளையில் பாடகர் குழுவுக்குக் குரலே இருப்பதில்லை! அன்றைய நம்பிக்கை அறிக்கையில் இறைமகன் உடல் எடுத்ததைச் சொல்லும் வரியில் எல்லாரும் முழந்தாளிட வேண்டும் என்பதும் அந்தக் களைப்பில் மறந்துபோகிறது.

குடிலை முன்னதாகவே அமைக்கலாம், தவறில்லை. தீவனத்தொட்டியை மட்டும் 24 இரவு வரை வெறுமையாக விடுங்கள். ஞானியரைத் தொலைவில் நிறுத்தி, அவர்கள் குழந்தையைக் கண்டதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவுக்குத்தான் அருகே கொண்டுவர வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு கோரிக்கை. டிசம்பர் 25 இதழோடு இந்தப் பொருளை மூடிவிடாதீர்கள். 26 மறைச்சாட்சி ஸ்தேவான், 27 யோவான், 28 மாசில்லாக் குழந்தைகள், சனவரி 1 கடவுளின் தாயாகிய மரியா என்று எண்கிழமை, அதாவது எட்டு நாள் கொண்டாட்டம், நடக்கிறது. கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை நீளும். 2026 கிறிஸ்துமசைத் தொடர்ந்து அது 2027 சனவரி 10 அன்று வருகிறது. அதுவரை தங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வாரம் ஒரு பத்தி ஒதுக்கலாமே.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்