கண்மாய்க்கு அக்கரைப் பனைமரம்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததைப் படித்து நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலையில் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் எங்களிடம் கொடுக்கிறார்கள். எனக்கு வரும் மே மாதத்தோடு கல்லூரியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பொறுப்பு முடிகிறது. அதை நினைத்தால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

உன் மகள் பாப்பா, என்.சி.சி.யின் உயர்ந்த சான்றிதழான சி சர்டிபிகேட்டுக்குப் படிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். "சி சர்டிபிகேட்டுக்கு வேண்டியதெல்லாம் போனிலேயே இருக்கு, பரேடுக்குப் போனா சொல்லச் சொல்ல எழுதிட்டு வர்றதுதான் நடக்குது, 75 சதவீத வருகைக்காகத்தான் போறேன்" என்கிறாளாம். நீ அவளைத் திட்டியிருக்கிறாய். திட்டாதே. அவள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை.

நானே அப்படி நோட்ஸ் சொன்னவன்தான். நாக்பூர் பக்கம் காம்ப்டியில் என்.சி.சி. ஆசிரியர்களுக்கான பயிற்சி முடித்து வந்த புதிதில், வரைபடம் படித்தல் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். உண்மை வடக்கு, காந்த வடக்கு, கட்ட வடக்கு என்று மூன்று அம்புக்குறி வரைந்து, பின்னோக்குத் திசைக்கோணத்துக்கு 180 கூட்டு, 180-க்கு மேல் போனால் கழி என்று சொல்லி, எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். பிள்ளைகள் எழுதுவார்கள். பரீட்சையிலும் தேறுவார்கள். நானும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறோம் என்று நம்பினேன். 2020-இல் ஊரடங்கு வந்தது, மைதானம் பூட்டிக் கிடந்தது. அந்த ஆகஸ்டில் டெல்லி என்.சி.சி. தலைமையகத்தின் பயிற்சிச் செயலி வந்தது. பாடத்திட்டம், வீடியோ, கேள்வி பதில் எல்லாம் அதில் இருந்தன. நான் பலகையில் எழுதியதைவிடத் தெளிவாகவே இருந்தன. அன்று எனக்கு வருத்தமாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கவில்லை.

பிறகு மைதானம் திறந்தது. ஒன்றரை வருஷம் போனில் படித்த பிள்ளைகளை நிற்க வைத்தேன். ஒரு பையனிடம் 'தேஜ் சல்', அதாவது அணிவகுப்பில் விரைந்து நடக்கும் நடை பற்றிக் கேட்டேன். ஒரு காலடி 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 காலடி, குதிகால் முதலில் விழ வேண்டும் என்று தடுமாறாமல் சொன்னான். நடக்கச் சொன்னேன். வலது காலோடு வலது கையும் சேர்ந்தே போனது. பாவம், அவனுக்கே அது தெரியவில்லை. பக்கத்தில் நின்றவன் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மூன்றாம் வருஷப் பிள்ளைகளை நாகமலைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக்கு அழைத்துப் போவேன். தூரம் கணித்தல் பாடத்துக்கு அதுபோல இடம் கிடையாது. எப்போது பொருள் கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும் என்று கேட்டால் எல்லோருக்கும் பாடம் வரும்: வெளிச்சம் நன்றாக இருந்தால், வெயில் நம் முதுகுப் பக்கம் இருந்தால், இடையில் தண்ணீரோ கண்ணுக்குத் தெரியாத பள்ளமோ இருந்தால். சரி, அக்கரையில் அந்த ஒற்றைப் பனை எத்தனை மீட்டர் என்று கேட்டேன். செயலியை முழுசாக மனப்பாடம் செய்திருந்த பெண் 150 என்றாள். அவளுக்கு வெயிலும் முதுகுப் பக்கம்தான், நடுவில் தண்ணீரும் இருக்கிறது. தான் ஒப்பித்த வரிக்குள்ளேயே தான் நிற்பது அவளுக்குப் புலப்படவில்லை. ஆடு மேய்க்கிற வீட்டுப் பையன் ஒருவன், எழுத்துத் தேர்வில் எப்போதும் தட்டுத் தடுமாறுகிறவன், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு 400 என்றான். இன்னொருத்தன் 600. பத்துப் பேர் சொன்னதையும் கூட்டிப் பத்தால் வகுத்தோம், 350 வந்தது. பிறகு கரையைச் சுற்றிப் போய், ஆட்டுக்காரப் பையனே கயிறு பிடித்து அளந்தான். 360.

இது நம் காலத்திலிருந்து கையேட்டில் இருக்கிற முறைதான். செக்‌ஷன் ஆவரேஜ், ஆளுக்கொன்று சொல்லி சராசரி எடுப்பது. நம் ராணுவப் பயிற்சியாளர் உஸ்தாத் நமக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? இருபது தடவையாவது நான் அதைப் பலகையில் எழுதியிருப்பேன். ஆனால் அன்றைக்குக் கரையில் நின்றபோதுதான் உறைத்தது. தனியாக உட்கார்ந்து படிக்கிறவன் இதை எப்படிச் செய்வான்? பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் தப்பாகச் சொல்ல வேண்டும், அதற்குப் பயப்படாமல் வாய் திறக்க வேண்டும்.

அதனால் பாப்பாவிடம் இப்படிச் சொல். என்.சி.சி. அமைப்பு, முப்படைப் பதவி வரிசை, பேரிடர் மேலாண்மை, ராணுவ வரலாறு எல்லாம் அவள் வீட்டிலேயே படிக்கட்டும். அதற்கு ஒரு பரேடு நேரத்தைத் தின்பது பாவம். வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் ஆறு இலக்கக் கட்டக் குறியீடுகூட வீட்டில் போட்டுப் பழகலாம், 1:50,000 வரைபடம் ஒன்றும் ஸ்கேலும் போதும். ஆனால் டிரில் கமாண்ட் கொடுப்பதை மொட்டை மாடியில் கத்திப் பழக முடியாது. எந்தக் கால் தரையில் விழும்போது 'தம்' (நில்) என்று சொல்ல வேண்டும் என்பது, முப்பது பேர் தன் குரலுக்குக் காத்துக்கொண்டு நடக்கும்போதுதான் உடம்பில் ஏறும். பாயிண்ட் டூ டூ துப்பாக்கியும் அப்படித்தான். பாகங்களின் பெயரை எங்கேயும் படிக்கலாம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை இழுக்காமல் அழுத்துவதற்குப் பக்கத்தில் உஸ்தாத் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தானாகப் படிப்பது பாப்பாவுக்கு எளிது, அவள் ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவள். என் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆங்கிலக் கையேடு ஒரு மதில் சுவர். 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று நான் சொன்னால் அவர்களைக் கைவிடுகிறேன் என்று அர்த்தம். அதனால் இரண்டு வருஷமாக ஒன்று செய்கிறேன். மூன்றாம் வருஷத்தில் ஒருவர் ஒரு பாடத்தை வாரம் முழுக்க வீட்டில் படித்து வர வேண்டும். சனிக்கிழமை முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இருபது நிமிஷம் தமிழில் நடத்த வேண்டும். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். 150 என்று சொன்ன அந்தப் பெண்தான் தூரம் கணித்தலை எடுத்தாள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பனைமரத்தில் தொடங்கி, தான் எங்கே ஏமாந்தாள் என்பதைச் சொன்னாள். முதல் வருஷப் பையன் ஒருவன் எழுந்து, "அக்கா, மழைக் காலத்தில வெளிச்சம் மங்கலா இருந்தா தூரமாத் தெரியுமா?" என்று கேட்டான். நான் முப்பது வருஷம் பாடம் நடத்தியவன். அந்தப் பாடத்தில் என்னிடம் ஒரு பிள்ளையும் அப்படிக் கேட்டதில்லை.

பாப்பா ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். சி சர்டிபிகேட்டில் குறைந்தது 'பி' கிரேடு இருந்தால் என்.சி.சி. பிள்ளைகளுக்கான சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு கிடையாது, தெரியுமே. ஆனால் அந்த ஐந்து நாளில் குழுவாகச் செய்கிற வேலைகள் வரும். பலகையும் கயிறும் கொடுத்து, எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்துத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். நீ பரங்கிமலையில் ராணுவ அதிகாரிப் பயிற்சி முடித்தவன், நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்தவர் பேச்சைக் கேட்டுப் பழகாத பிள்ளை அங்கே திணறிப்போகும். அவள் பரேடுக்கு வருகைக்காகப் போகிறாள் என்பதில் எனக்குக் கவலை அது ஒன்றுதான். சொல்லச் சொல்ல எழுதுவதுதான் அங்கே நடக்கிறது என்றால், அடுத்த வாரம் தான் ஒரு பாடம் நடத்தட்டுமா என்று அவளே போய்க் கேட்கட்டும். மரியாதையாகக் கேட்டால் எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

பொங்கல் லீவில் அவளை இங்கே அனுப்பு. முடிந்தால் நீயும் வா. இவளும் தங்கச்சியைப் பார்த்து வெகுநாளாயிற்று என்கிறாள். ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கண்மாய்க்குக் கிளம்புகிறோம். இந்த வருஷம் நல்ல மழை, தண்ணீர் கரை தொட்டு நிற்கிறது. பனை இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டதுபோல இருக்கிறது. தூரம் எவ்வளவு என்று அவளிடம் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வரிசைக் கேடட்