செவ்வாய்க்கிழமை என்ன நிறம்?

அன்புள்ள கோமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை விடவில்லை, வடகம் காயவில்லை என்று ஆச்சி வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் நீ போனில் கேட்டதற்கு அம்மா பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். எழுத்தும் எண்ணும் உனக்கு நிறத்தோடு தெரிகிறது, மற்றவர்களுக்கு அப்படி இல்லை என்பதே ஆபீஸ் பேச்சில்தான் தெரிந்தது என்றாய். டாக்டரைப் பார்க்கணுமா, மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா என்றாய். டாக்டர் வேண்டாம். மாப்பிள்ளையிடம் தாராளமாகச் சொல், ஒளிக்க இதில் எதுவுமில்லை.

எழுத்து, எண், கிழமை, சத்தம் என்று ஒன்றை உணரும்போது கூடவே நிறம் மாதிரி இன்னொன்றும் தோன்றுகிறதே, இதற்குச் சினஸ்தீசியா என்று பெயர். மனநோய்ப் பட்டியல் எதிலும் இது கிடையாது. 2006-இல் பிரிட்டனில் ஜூலியா சிம்னர் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் சோதித்துப் பார்த்தபோது, ஏதாவது ஒரு வகையில் இது உள்ளவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் என்று வந்தது. உன் ஆபீசிலேயே இன்னும் சிலர் வாயைத் திறக்காமல் இருப்பார்கள்.

காரணத்தைப் பற்றி நம்ம தமிழ்நாட்டில் பிறந்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன் கலிபோர்னியாவில் ஹப்பர்ட் என்பவரோடு சேர்ந்து 2001-இல் ஒரு விளக்கம் சொன்னார். மூளையின் அடிப்பக்கத்தில் எழுத்து, எண் வடிவங்களை அறியும் இடமும் நிறத்தை அறியும் இடமும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. அக்ரகாரத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நடுச்சுவரில் ஒரு வாசல் விட்டுக்கொண்டது மாதிரி, உன்னைப் போன்றவர்களுக்கு அங்கே போக்குவரத்து அதிகம் என்பது அவர்கள் கணிப்பு. குழந்தை மூளையில் இணைப்புகள் ஏகத்துக்கு இருக்கும், வளர வளரப் பல கழிந்துபோகும். இங்கே சில கழியாமல் நின்றிருக்கலாம். வாசல் எல்லோருக்கும் உண்டு, தாழ்ப்பாள்தான் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற கட்சியும் இருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

அவர்கள் வைத்த சோதனை ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. தாள் முழுக்கக் கறுப்பில் 5, 5 என்று அடித்து, நடுவே சில 2-களை முக்கோணம்போல ஒளித்து வைத்தார்கள். நாம் தேடித் திணறுவோம். எண்ணில் நிறம் தெரிகிறவர்களுக்கு அந்த முக்கோணம் சுலபமாகச் சிக்கியது. கதை விடுகிறவனால் அது முடியாது, பார்.

இது குடும்பத்தில் வரும் என்று படித்ததும் ஆச்சியிடம் ஏழு கிழமைக்கும் நிறம் கேட்டு, காலண்டருக்குப் பின்னால் குறித்துக்கொண்டேன். “ஏலே, ஒனக்குத் தெரியாதோ? செவ்வா நல்ல மஞ்ச. வியாழன் மங்குன பச்ச. இதெல்லாம் ஒரு கேள்வியா?” என்றாள். நேற்று அவியலுக்குக் காய் நறுக்கும்போது திடீரென்று, கிழமைகளை முன்பின்னாக மாற்றிக் கேட்டேன். அப்படியே அதே பதில். அன்றைக்கு ஒப்புக்கு நானும் ஏழு நிறம் எழுதி வைத்திருந்தேன், நேற்று பாதிக்கு மேல் தப்பு. உனக்கு எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டது இதற்காகத்தான். ஆராய்ச்சிக்காரர்களும் இப்படித்தான் நாள் கழித்துத் திரும்பக் கேட்டு உறுதி செய்கிறார்கள்.

நவக்கிரகத்தை வைத்துச் சொல்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் கிரக நிறப்படி செவ்வாய்க்குச் சிவப்பு, குருவுக்குத்தான் மஞ்சள். கிரகத்துக்கு ஒன்றாக உள்ள நவகைலாயக் கோயில் ஒன்பதும் சுற்றி வந்தவளுக்கு, குரு தலமான முறப்பநாட்டில் குருவுக்கு என்ன நிறத்தில் துணி சாத்துவார்கள் என்று தெரியாதா? தெரிந்தும் அவளுக்கு வியாழன் பச்சைதான். கூடவே இன்னொன்றும் சொன்னாள்: நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூணைத் தட்டினால் ஒரு தூண் வெண்கல நிறமாம், பக்கத்துத் தூண் கத்திரிப்பூ நிறமாம். நான் அதே தூணில் காதை வைத்துச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தவன்.

ஒரே குடும்பமானாலும் நிறங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை. உனக்கு வியாழன் ஊதா என்றேன், ஆச்சி சிரித்துவிட்டாள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருப்பதால் கவலையில்லை. தலையில் அடிபட்டோ, ஏதாவது மருந்து சாப்பிட்டோ, வலிப்போடோ ஒருவருக்குப் புதிதாக இப்படித் தொடங்கினால் உடனே நரம்பியல் டாக்டரிடம் போகணும். அது வேறு சங்கதி. அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று இசக்கியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறாள். போட்டுவிட்டுப் போகட்டும்.

அப்புறம், எனக்கு ஒரு வேலை செய்து கொடு. அமெரிக்காவில் இப்படி நிறம் தெரிகிற 11 பேருடைய எழுத்து நிறங்களைப் பார்த்தபோது, சின்ன வயதில் விளையாடிய காந்த எழுத்து பொம்மைகளின் நிறத்தோடு பெரும்பாலும் ஒத்திருந்ததாக 2013-இல் ஒரு ஆய்வு வந்தது. நீ படித்த கலர் அரிச்சுவடி இங்கே பரணில்தான் கிடக்கிறது. உயிரெழுத்து பன்னிரண்டுக்கும் நிறம் எழுதி அனுப்பு, ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ‘ழ’வுக்கும் சேர்த்து எழுது. அது வரும்வரை அரிச்சுவடியை உனக்குப் போட்டோ எடுத்து அனுப்ப மாட்டேன், கேட்காதே.

அன்புடன்
அப்பா
கல்லிடைக்குறிச்சி