சாவைப் பற்றியும் பாடம் நடத்துங்கள், அம்மா

மதிப்பிற்குரிய ஆசிரியை அம்மா அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் தாங்கள் நடத்தும் முதியோர் பராமரிப்புப் பயிற்சியின் பாடத்திட்டத்தைப் படித்தேன். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, சர்க்கரை பார்ப்பது, மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பது என்று எல்லாம் இருக்கின்றன. இறப்பு மட்டும் இல்லை. செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில், அதையும் சேர்க்கும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

தங்களிடம் படிக்கும் பெண்களில் பலர் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளில் ஒன்றிரண்டை மட்டும் புழங்கிக்கொண்டு வாழும் ஆச்சிமாருக்குத் துணையாகப் போகிறார்கள். அந்த வேலை பெரும்பாலும் ஒரு மரணத்தில்தான் முடிகிறது. அப்போது அருகில் இருக்கப்போவது டாக்டரும் அல்ல, மகனும் அல்ல, அந்தப் பெண்தான்.

உடல் அடங்கும் விதத்தை அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உணவும் தண்ணீரும் குறைந்துகொண்டே போகும், தூக்கம் கூடும், கைகால் சில்லிட்டு, முழங்காலிலும் பாதத்திலும் திட்டுத்திட்டாக நிறம் மாறும், மூச்சு ஆழமாகி, மெலிந்து, சிறிது நேரம் நின்று, மறுபடி தொடங்கும், தொண்டையில் கபம் கரகரக்கும். இதெல்லாம் தெரியாதவள், பட்டினி போட்டுவிட்டாள் என்ற பழி வருமோ என்று அஞ்சிக் கஞ்சியை வாயில் ஊட்டுவாள். விழுங்கும் வலு போனவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடல் அடங்குவதால்தான் பசி அற்றுப்போகிறது என்பதை அவளும் வீட்டாரும் அறிந்திருந்தால் எத்தனையோ வேதனை குறையும்.

பால் ஊற்றும் வழக்கத்தையும் வகுப்பில் பேசியே ஆக வேண்டும். மகனும் மகளும் பேரனும் வரிசையாக நின்று ஆளுக்கொரு கரண்டி ஊற்றினால் போகிற உயிர் திணறிப் போகும். ஆனால் அது நம் பக்கத்தில் விட முடியாத கடமை. தடுக்கும் அதிகாரமும் அந்தப் பெண்ணுக்குக் கிடையாது, தடுக்கவும் வேண்டியதில்லை. தலையைச் சற்றே உயர்த்தி ஒருபக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, “விரலைப் பாலில் நனைச்சு உதட்டுல தடவுங்க ஐயா, அதுவே போதும்” என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லும் பழக்கத்தை அவளுக்கு உண்டாக்குங்கள். செவி கடைசிவரை கேட்கக்கூடும் என்பதால், காதருகே பதிகம் பாடுவதையும் பேரைச் சொல்லிப் பேசுவதையும் அவள் ஊக்குவிக்கலாம்.

பேச்சுக்கும் பயிற்சி தேவை. “எனக்கு நாள் நெருங்கிருச்சு” என்று ஆச்சி சொன்னால், “அப்படியெல்லாம் சொல்லாதீங்க, நூறு வயசு இருப்பீங்க” என்று வாயடைப்பதுதான் நம் எல்லோருக்கும் வருகிறது. “எதை நினைச்சுச் சொல்றீங்க, ஆச்சி?” என்று கேட்டு, பக்கத்தில் உட்கார வேண்டும். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் எழுதிய, சாவை எதிர்கொள்பவரின் மனம் கடக்கும் ஐந்து நிலைகளை மனப்பாடம் செய்யவைப்பதில் பெரும் பயன் இருப்பதாக நான் நினைக்கவில்லை. எல்லோரும் அந்த வரிசையில் போவதில்லை. செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்கான இல்லத்தைத் திறந்தவர்; உடல், மனம், உறவு, ஆன்மிகம் நான்கும் சேர்ந்ததே வலி என்றார். வீட்டுப் பங்கு தீரவில்லை, தம்பி மகன் பேசவில்லை என்று இரவெல்லாம் புலம்பும் ஆச்சியின் வலி மாத்திரையால் மட்டும் தீராது என்பதை நம் பெண்கள் உடனே புரிந்துகொள்வார்கள். மருத்துவம் படிக்காதவர்களால் இது முடியுமா என்று தயங்க வேண்டாம்; 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண ஆதரவு சிகிச்சை இயக்கம், பின்னாளில் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்துக் கேரளம் முழுவதும் பரவியது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. வேலைக்குச் சேர்ந்ததுமே, அப்படி ஏதும் எழுதிவைத்திருக்கிறார்களா, முதலில் யாரை அழைப்பது என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

என் மனத்தை மிகவும் வருத்துவது அந்தப் பெண்ணின் நிலைதான். மாதக்கணக்கில் குளிப்பாட்டி ஊட்டிவிட்டவள், உறவினர் வந்து கூடியதும் சம்பளக் கணக்கு முடிக்கப்பட்டு, அழக்கூட இடமில்லாமல் வெளியேறி, சில நாளில் அடுத்த வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அவளுக்குச் சில நாள் ஓய்வும், தங்கள் மையத்தில் உட்கார்ந்து பேச ஒரு பொழுதும் கொடுங்கள்.

பெண்களை வீடுகளுக்கு அனுப்புவதற்கு முன்பே இந்த வகுப்பு நடக்க வேண்டும். தாங்கள் இசைந்தால் நானே வந்து எடுக்கிறேன். ஒரு மரணத்தை உடனிருந்து பார்த்த பழைய மாணவி ஒருத்தியையும் பேச அழையுங்கள்.

இப்படிக்கு,
தேவகோட்டையிலிருந்து ஒரு செவிலியர்