அறுத்துப் பார்த்த கேபிள்

அன்பு முரளிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். மழையில் பின்பக்கச் சுவர் மறுபடி ஊறிவிட்டது, அப்பா ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நாலு சனிக்கிழமையாகப் போன் இல்லை. வேலை இருக்கும், தெரியும். அதற்காக எழுதவில்லை.

சித்தி மகன் தருணுக்குப் பள்ளியில் ஏதோ ப்ராஜெக்ட். பரணிலிருந்து உன் பிஸ்கட் டின்னை இறக்கினேன். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி ஏற்றுகிற அந்தக் குட்டி ஆர்டுயினோ நானோ போர்டு, கேபிள், உன் நோட்டு எல்லாம் அப்படியே இருந்தன. லேப்டாப்பில் சொருகியதும் பவர் லைட் எரிந்தது. ‘எல்’ என்று போட்ட குட்டி லைட்டும் மெதுவாக மின்னியது. லைட் வேகமாக மின்னட்டும் என்று தருண் புரோகிராமில் 1000 என்பதை 200 ஆக்கினான். வேகம் மாறவே இல்லை. உன் நோட்டிலும் அதே கதைதான். 200, 100, 50 என்று எழுதி எழுதி அடித்திருக்கிறாய். கடைசியில் ‘எனக்குத்தான் தெரியலை’ என்று ஒரு வரி.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கிண்டியில் பதினாறு வருஷம் போர்டுகளுக்குச் சால்டரிங் வைத்தவள். எது சொருகியிருக்கிறது என்று திரையில் காட்டும் ‘போர்ட்’ பட்டியலே காலியாக இருக்கிறது என்று தருண் சொன்னதும் கட்டரை எடுத்துக் கேபிளை அறுத்தேன். உள்ளே சிவப்பு, கறுப்பு, இரண்டே ஒயர். பச்சையும் வெள்ளையும் இல்லை. வெறும் சார்ஜ் கேபிள் கண்ணா. கரண்ட் போகும், புரோகிராம் போகாது. அந்த லைட் மின்னியதெல்லாம் போர்டு விற்பனைக்கு வரும்போதே உள்ளே போட்டிருந்த புரோகிராம். நீ எழுதியது ஒருநாளும் அதற்குள் போகவே இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட் போய் நாலு ஒயர் உள்ள கேபிள் வாங்கி வந்தேன். போர்டை லேப்டாப்புக்கு அடையாளம் காட்டும் சிஎச்340 டிரைவர் என்ற மென்பொருளைப் போட்டதும் பட்டியலில் போர்ட் தெரிந்தது. அப்போதும் போர்டோடு சிங்க் ஆகவில்லை, அதாவது பேச்சு ஒத்துப்போகவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. பழைய போர்டு அல்லவா, ப்ராசஸர் என்ற இடத்தில் ‘ஓல்ட் பூட்லோடர்’ வைத்ததும் புரோகிராம் ஏறிவிட்டது. அப்புறம் உன் நோட்டில் இருந்ததை அப்படியே அடிக்கச் சொன்னேன். ஒரு எழுத்துத் தப்பில்லை. ஒன்பதாவது படிக்கும்போது எழுதியது! அவ்வளவு சுத்தமாக எழுதியவனுக்கு அம்மாவுக்கு ரெண்டு வரி எழுத முடியவில்லை.

தருண் குதித்தான். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு ராத்திரி நீ இந்தப் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, ஒரு தடவை பாரேன்” என்று நின்றாய். ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், “உனக்கு இதெல்லாம் வராது, போய்ப் படி” என்றேன். எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதில் கம்பெனியில் எனக்குப் பெயர். என் பிள்ளை கேட்டபோது ஒரு கேபிளைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நீ எதையுமே என்னிடம் கொண்டு வந்ததில்லை. தப்பு என்னுடையது முரளி. உன்னுடையது இல்லை.

பெரியம்மா ஏதோ சொன்னார்கள். நான் கேட்க மாட்டேன். ஏதாவது நின்று போயிருந்தால் எனக்குத்தான் தெரியலை என்று உடனே எழுதிவிடாதே. முதலில் கேபிளைப் பார். ராத்திரி பட்டினி கிடக்காதே. எதுவானாலும் எடுத்துக்கொண்டு வா. அம்மா இப்போது ஷிஃப்ட்டுக்குப் போவதில்லை.

அம்மா